பறக்கப் போகிறவளுக்கு இரண்டு மூடி அரிஷ்டம்

என் மருமகள் லாவண்யா விமானம் ஓட்டுகிறாள். இதைச் சொன்னதும் ஜனங்கள் முதலில் கேட்பது "ஏர் ஹோஸ்டஸா?" என்றுதான். கடைக்கு வந்த பெண்களிடம் இதற்காகவே இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஹோஸ்டஸ் வேலை ஒன்றும் மட்டமில்லை, இடுப்பு ஒடிகிற வேலை. ஆனால் நான் பைலட் என்று தெளிவாகச் சொல்லும்போது காதில் என்ன பஞ்சா வைத்திருக்கிறார்கள்?

நான் தங்கபுஷ்பம். தி.நகரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எங்கள் பாத்திரக்கடை. கீழே கடை, மேலே வீடு. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் கல்லாவில் உட்காருவார். கடையை நடத்துவது நான். இதை அவரே ஒப்புக்கொள்வார். எங்கள் ஒரே பிள்ளை ஸ்ரீஹரி. அவன் கல்லூரியில் கூடப் படித்த அடையாறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, அவள் பைலட் என்பதைக் கடைசியாகத்தான் சொன்னான். நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. வாரத்தில் நாலு நாள் வானத்தில் இருக்கிறவள் குடும்பம் எப்படி நடத்துவாள் என்று பயம். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. முப்பது வருஷமாக நானே வீட்டில் எத்தனை மணி நேரம் இருந்திருக்கிறேன்?

அவள் இருப்பது பெரிய கம்பெனி இல்லை. மொத்தமே ஒன்பது விமானம். திருச்சி, மதுரை, மைசூர், கடப்பா, விஜயவாடா என்று பக்கத்து ஊர்களுக்குப் பறக்கிற சின்ன ஜெட்டுகள். ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்க வேண்டும். ஒரு ஊரில் இறங்கி அடுத்த ஊருக்குக் கிளம்ப இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் ஆள் இறக்கி, ஆள் ஏற்றி, குப்பை பெருக்கி, பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும். "உங்க கடையில ஆடித் தள்ளுபடி அன்னிக்கு இருக்கிற மாதிரி தினமும்" என்றாள். எனக்கு உடனே புரிந்தது.

அந்த விமானத்திலேயே இரண்டு நீளம் உண்டு. குட்டையில் ஐம்பது சீட்டு, பயணிகளைக் கவனிக்க ஒரே ஒரு பெண். நெட்டையில் எழுபத்தாறு சீட்டு, இரண்டு பெண்கள். முன்னால் பைலட் உட்காருகிற இடம் இரண்டிலும் ஒன்று போலத்தான் இருக்குமாம். ஆனால் கிளம்பும்போது குட்டையின் மூக்கைத் தூக்குகிற வேகத்தில் நெட்டையின் மூக்கைத் தூக்கினால் வால் தரையில் உரசிவிடுமாம். கடையில் ஒரே அச்சில் அண்டா சின்னதும் இருக்கும், பெரியதும் இருக்கும். சின்னதைத் தூக்குகிற நினைப்பில் பெரியதைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஆட்கள் எங்களிடம் மூன்று பேர். அவளுக்கு இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அந்த நெட்டை விமானத்துக்குப் பெயர் பெரிய அண்டா.

எங்களுக்குள் எல்லாமே இப்படி ஒத்துப்போனது என்று சொல்லமாட்டேன். புதிதில் ஒருநாள் அவளுக்கும் கூட ஓட்டுகிற கேப்டனுக்கும் சேர்த்து எலுமிச்சஞ்சாதம் கட்டிக் கொடுத்தேன். கேப்டனின் டப்பா தொடாமலே திரும்பி வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு பைலட்டும் ஒரே சாப்பாடு சாப்பிடக் கூடாதாம். கெட்டுப்போயிருந்தால் இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்துவிடுவார்களாம். என் கைச் சமையலா கெட்டுப்போகும் என்று அவள் மேல் பாய்ந்தேன். மறுநாள் ஒரு டப்பாவில் எலுமிச்சை, ஒரு டப்பாவில் புளியோதரை கட்டினேன்.

இன்னொன்று, வேலைக்குப் போகிற அன்று அவள் சும்மா ஒரு மாத்திரைகூடப் போடமாட்டாள். கம்பெனி டாக்டரிடம் கேட்டுத்தான் எதுவும். ஒவ்வொரு நாளும் பறப்பதற்கு முன்னால் ஒரு மிஷினில் வாய் வைத்து ஊத வேண்டும். அதில் சாராய வாடை துளி காட்டினாலும் தொலைந்தது. வாய் கொப்பளிக்கிற தண்ணீரைக்கூட லேபிள் படித்துத்தான் வாங்குவாள். குடிக்கிறவனுக்கு அந்த மிஷின், நமக்கு என்ன என்று நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஏழு வருஷம் துணை பைலட்டாக இருந்தாள். போன ஆவணியில் கேப்டன் ஆவதற்கான கடைசித் தேர்வு வந்தது. பெரிய அண்டாவில் மதுரை போய்த் திரும்ப வேண்டும். அனந்தராமன் என்று ஒரு மூத்த கேப்டன், பெங்களூரிலிருந்து இதற்காகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் சரி என்றால் தோளில் கேப்டனுக்கு உரிய நாலாவது கோடு. அவளுக்காக நான் முருகனிடம் வேண்டாத நாளில்லை. அவளும் ஒரு மாதமாகச் சாப்பிடுகிற நேரத்தில்கூட அந்த விமானத்தைப் பற்றிய புத்தகமும் கையுமாகத்தான் இருந்தாள்.

அன்று காலை பத்தரைக்கு அவளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக வண்டி வரும். இவள் பயத்தில் ஒரு இட்லிகூட இறங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மந்தமாக இருக்கிறது என்றாள். எங்கள் வீட்டில் வயிறு மந்தம் என்றால் ஜீரகாரிஷ்டம்தான். என் அம்மா எனக்குக் கொடுத்தாள், நான் ஸ்ரீஹரிக்குக் கொடுத்தேன். ஆனால் மருந்து என்று சொன்னால் இவள் தொடமாட்டாள். அதனால் இரண்டு மூடி ஊற்றி, வெந்நீர் விட்டு, வெல்லம் கரைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என்னது அத்தை என்றாள். சீரகத் தண்ணி என்றேன். ஒரு மாதிரி இருக்கிறதே என்றாள். வெல்லம் போட்டிருக்கிறேன் என்றேன். கடகடவென்று குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வண்டி போய் ஒரு இருபது நிமிஷம் இருக்கும். கடையிலிருந்து மேலே வந்த ஸ்ரீஹரி அடுப்பு மேடையில் இருந்த பாட்டிலைப் பார்த்தான். யாருக்கு என்று கேட்டான். பெருமையாகச் சொன்னேன். அவன் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினான். அரிஷ்டம் ஊறும்போது அதில் தானாகவே ஆல்கஹால் உண்டாகும், பத்து சதவீதம் வரை இருக்கும் என்று போட்டிருந்தது. முப்பது வருஷமாக அந்தப் பாட்டிலை வாங்குகிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. மிஷினில் காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்திவைப்பார்கள், கேப்டன் தேர்வு போனது போனதுதான், குடித்துவிட்டு வந்தவள் என்று காகிதத்தில் காலத்துக்கும் நிற்கும் என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போனை எடுத்தேன். ஸ்ரீஹரி கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, சொல்லாத. ரெண்டு மூடிதானே, அவ போய்ச் சேர்றதுக்குள்ள போயிடும். சொன்னா அவளே பறக்கமாட்டேன்னு சொல்லிடுவா. நீயே கெடுத்த மாதிரி ஆயிடும்."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. சொல்லாமல் இருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாது, நான் செய்தது யாருக்கும் தெரியாது, சாயங்காலம் அவள் கேப்டனாக வீட்டுக்கு வருவாள். காட்டிவிட்டால்? அந்த மிஷின் முன்னால், எதுவுமே தெரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பாளே. சீரகத் தண்ணி என்று நம்பிக் குடித்தவள். என்னால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. கையை விடுடா என்று அவனை உதறிவிட்டு நம்பரைப் போட்டேன்.

அவள் போனை அணைத்து வைத்திருந்தாள். அடுத்து வண்டி ஓட்டுகிற சர்தார் பாயைக் கூப்பிட்டேன். ராயப்பேட்டைக்காரர், நாலு வருஷமாக இவளைக் கூட்டிப்போகிறவர். "இன்னாமா, கத்திப்பாரா மேம்பாலத்தாண்ட கீறோம். மேடம் படிச்சிக்கினு கீறாங்க, ஸ்பீக்கர்ல போடறேன்" என்றார்.

"ஏட்டி லாவண்யா, நான் குடுத்தது சீரகத் தண்ணி இல்லட்டி. அரிஷ்டம். அதுல ஆல்கஹால் இருக்காம். எனக்குத் தெரியாது" என்றேன்.

எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். பத்தேகால், இரண்டு மூடி என்றேன். சரி அத்தை என்று வைத்துவிட்டாள்.

மீதியைச் சர்தார் பிறகு சொன்னார். ஒரு டீ அடித்துவிட்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டு போகலாம், அதற்குள் எல்லாம் இறங்கிவிடும் என்று அவரும் சொல்லிப் பார்த்தாராம். மிஷினில் காட்டாவிட்டாலும் பறப்பதற்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் ஆல்கஹால் துளிகூட உடம்பில் போகக் கூடாது என்பதுதான் சட்டம், எனக்குத் தெரிந்தபிறகு எப்படி ஏறுவேன் என்றாளாம். கம்பெனி டாக்டருக்கும் ஆபீசுக்கும் போன் போட்டு, லேபிள் பார்க்காமல் ஒரு மருந்து குடித்துவிட்டேன், இன்று பறக்க முடியாது என்று சொல்லியிருக்கிறாள். அத்தை கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போன வெச்சிட்டு மேம்பாலத்துக்குக் கீழ அஞ்சு நிமிஷம் அழுதாங்கமா. அப்பறம் கண்ணத் தொடச்சிக்கினு, வண்டிய திருப்புங்க பாய்னாங்க" என்றார் சர்தார்.

நான் வாசலிலேயே நின்றேன். வண்டியிலிருந்து இறங்கியவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"மருந்து குடுத்ததுக்குக் கோவம் இல்ல அத்தை. சீரகத் தண்ணின்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான்."

தப்புதான் என்றேன், மன்னித்துக்கொள் என்றேன். கடையில் எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வந்து குதித்தாலும் என் வாயிலிருந்து வராத வார்த்தை அது. அவள் தலையை ஆட்டிவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டாள். ஆபீசில் அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள், எந்தத் தண்டனையும் இல்லை. ஆனால் அனந்தராமன் பெங்களூருக்குத் திரும்பிவிட்டார். அடுத்த தேதி பத்தொன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது.

அந்தப் பத்தொன்பது நாளும் அவள் வேலைக்குப் போகிற காலையில் நான் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட என் கையால் கொடுக்கவில்லை. அவளே ஏதோ ஓட்ஸ் கரைத்துக் குடித்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்தால் பழையபடி பேசுவாள், சிரிப்பாள், மதுரையில் யார் முன்சீட்டிலிருந்து எழுந்திருக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார்கள் என்று கதை சொல்லுவாள். காலையில் மட்டும் சமையலறையில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு அது தாங்கவில்லை. ஆனால் கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது?

தேர்வு நாள் வந்தது. யூனிஃபார்மோடு சமையலறைக்கு வந்தவள், நான் எனக்காகக் காபி கலப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு?" என்றாள்.

நீயே போட்டுக்கொள் தாயி என்றேன். நீங்களே போடுங்கள் என்றாள். டிகாஷன், பால், சர்க்கரை என்று ஒவ்வொன்றையும் அவளுக்குத் திருப்பிக் காட்டினேன். அதில் மேடையில் கொஞ்சம் சிந்தியும்விட்டது.

"காட்ட வேண்டாம் அத்தை. குடுங்க" என்று டம்ளரை வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நாலரைக்கு நான் கடையில் ஒரு அம்மாளுக்குக் குக்கர் காட்டிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. எப்போதும் ஸ்ரீஹரிக்குத்தான் முதலில் அடிப்பாள்.

"அத்தை, கேப்டன் பேசுறேன்" என்றாள். "ஸ்ரீகிட்ட இன்னும் சொல்லல."

குக்கரை அப்படியே வைத்துவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் அழுதேன்.