கிறகரியின் இருபது நிமிட இடைவெளி

ஞாயிறு பகல் சாப்பாடு முடிந்ததும் கிறகரி முன்னறைக் கதிரைகளைத் துடைத்தார். துடைத்த ஒவ்வொன்றையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார். பிறகு பழைய கலண்டர் அட்டையை நீளமாக வெட்டி, ஒரு துண்டில் ‘நாவலப்பிட்டி 3.00’ என்றும் மற்றதில் ‘ஹேவாஹெட்ட 4.00’ என்றும் எழுதி, மேசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு துண்டுக் கடதாசி. விமானம் இறங்கியதும் துண்டை எடுத்துவிட வேண்டும். ஓய்வுபெற்றுக் கண்டி கட்டுக்கலைக்குத் திரும்பிய பிறகு மீன்காரர், பால்காரர், குளியலறைக்குப் போகிறவர் எல்லோருக்கும் துண்டு போட்டார். இன்று மகள் லூர்துமேரியைப் பெண் பார்க்க வரும் இரண்டு வீட்டாருக்கு.

“ஏங்க, ஒருத்தர அடுத்த ஞாயித்துக்கிழம வரச் சொன்னா என்ன கொறஞ்சிரும்?” என்றாள் மனைவி மரியகொறற்றி, வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒரு வீட்டாரு கண்ணுல மத்த வீட்டாரு பட்டா ரெண்டு பேருமே திரும்பிப் பாக்காமப் போயிருவாங்க. புள்ளைக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சிருச்சு.”

“மூணு மணிக்கு வர்றவங்க மூணு நாப்பதுக்குப் போயிருவாங்க. நடுவுல இருபது நிமிஷம். ஆகாயத்துல எனக்கு ரெண்டு நிமிஷமே போதும்.”

“ஆகாயத்துல யாரும் ரெண்டாவது டீ கேக்க மாட்டாங்க.”

கிறகரிக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. ஒரு நாள் பிற்பகல், இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் எதிரெதிரே நெருங்கிவிட்டன. அவர் ஒன்றை இறங்கச் சொன்னார். அதே நேரத்தில் அந்த விமானத்துக்குள் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி, எதிரே வந்ததன் கருவியோடு தானாகவே பேசி, நான் மேலே நீ கீழே என்று பிரித்துக்கொண்டு, “ஏறு, ஏறு” என்று கத்தியது. விமானி ஏறினார். விமானி செய்ததுதான் சரி என்று விசாரணையில் எழுதினார்கள். கருவி கத்தினால் கருவி சொன்னபடிதான் செய்ய வேண்டும் என்பது விதி. கிறகரிக்கும் தெரிந்த விதி. ஆனாலும், “என்னைக் கேக்காம ரெண்டு பெட்டி பேசி முடிவெடுத்திருச்சு” என்று கல்யாண வீடு, செத்த வீடு பாராமல் சொல்லுவார். இருநூறு பேர் உயிர் தப்பியதை, யாராவது கேட்டால் மட்டும் சொல்லுவார்.

நாவலப்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை அந்தோனியும் தாயும் மாமனும் மூன்று முப்பத்தைந்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அந்தோனி ரயில்வேயில் வேலை பார்ப்பவன். பேராதனையில் நெரிசலாம். கிறகரி படுக்கையறைக்குள் போய், ஹேவாஹெட்டக்காரர்களின் வேனை அழைத்தார். மாப்பிள்ளை செபஸ்தியான் தோட்டத்துக் கிளார்க். எடுத்தவர் அவனுடைய பெரியப்பா.

“வாவிக்கரைக்கு வந்துட்டோங்க. இந்தா வந்துருவோம்.”

“அவசரப்படாதீங்க. மக இன்னும் ரெடியாகல. அப்படியே வாவிய ஒரு சுத்து சுத்தி வாங்க.”

இறங்க இடமில்லாத விமானத்தை வானில் வட்டமடிக்க வைத்தே பழகியவர். வேன் ஒரு சுற்றுப் போனது. மறுபடி அழைத்தார், இன்னொரு சுற்று. மூன்றாவதற்குப் பெரியப்பா மறுத்துவிட்டார்.

“அதே கொக்க ரெண்டு தரம் பாத்துட்டோங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குத் தல சுத்துது. நாங்க வர்றோம்.”

கிறகரியின் வீட்டுக்கு வீதியிலிருந்து எண்பத்து நான்கு படி. ஒருவர் ஏறினால், இறங்குகிறவர் மதிலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். யன்னலால் எட்டிப் பார்த்தார். கீழே வேன் நின்றது. பட்டுச் சேலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. இங்கே அந்தோனியின் தாய் அப்போதுதான் இரண்டாவது தேநீரை முடித்து எழுந்தார்.

கிறகரி மனதுக்குள் கணக்குப் போட்டார். தலை சுற்றியவர்கள் மெதுவாகத்தான் ஏறுவார்கள். இவர்கள் ஓடினால் தப்பலாம்.

“சீக்கிரமா எறங்குங்க! மழ வரப்போகுது!”

வெளியே வெயில் பளீரென்று அடித்தது.

“மேல ஏறுங்க,” என்றாள் லூர்துமேரி. குசினி வாசலில் நின்று அந்தோனியை நேராகப் பார்த்துச் சொன்னாள். “மேல் ரோட்டுல பஸ் வரும்.”

“எறங்குங்கன்னு சொல்றேன்ல!”

அந்தோனி கிறகரியைப் பார்த்தான், லூர்துமேரியைப் பார்த்தான். “அம்மா, இப்படி வாங்க,” என்று தாயின் கையைப் பிடித்துக் குசினிக்குள் நுழைந்தான். மாமன் வாயில் வடையோடு பின்னால் ஓடினார். பின்கதவு சாத்திய சத்தமும் முன்கதவைத் தட்டிய சத்தமும் சேர்ந்தே கேட்டன.

ஹேவாஹெட்டக்காரர்கள் ஐந்து மணிக்குத் திருப்தியாகப் போனார்கள். கிறகரி இரண்டு துண்டுகளையும் மேசையிலிருந்து எடுத்தார்.

“பாத்தியா கொறற்றி? ஒரு உரசல் இல்ல. இதுக்குத்தான் ஒரு ஆள் கட்டுப்படுத்தணும்ங்கிறது.”

“நீங்க சொன்னபடி எறங்கியிருந்தா, பாதிப் படியில ரெண்டு சம்பந்தியம்மாவும் மூக்கோட மூக்கு முட்டியிருப்பாங்க.” மரியகொறற்றி தேநீர்க் கோப்பைகளின் பீரிசுகளை அடுக்கத் தொடங்கினாள்.

“அப்பா, செபஸ்தியான் வீட்டுக்கு வேணாம்னு சொல்லிருங்க,” என்றாள் லூர்துமேரி. “அந்தோனி வீட்டுக்குச் சரின்னு சொல்லுங்க.”

“ஏன், தோட்டத்துக் கிளார்க்குக்கு என்ன கொற?” என்று ஆரம்பித்த கிறகரி அப்படியே நின்றார். மேல் ரோட்டுக்குப் போவதென்றால் கோழிக்கூட்டைச் சுற்றி, பக்கத்து வீட்டுச் சகீனாவின் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து, தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஏற வேண்டும். தபால்காரரே தடுமாறும் வழி. அந்தோனி யாரிடமும் வழி கேட்கவில்லை.

“ஏம்மா, அந்தத் தம்பி இன்னைக்குத்தான மொதல் தரம் நம்ம வீட்டுக்கு வந்துச்சு? அந்த வழி அவனுக்கு எப்படித் தெரியும்?”

மரியகொறற்றி அடுக்கிய பீரிசுகளையே மறுபடி அடுக்கினாள். லூர்துமேரி மிச்ச வடைத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள்.