துஷ்டி கேட்கப் போன பட்டதாரி

இங்கே நான் வேலைக்குப் போகிற வீடுகளில் யாரும் எனக்குக் கதவு திறப்பதில்லை. வாசல் சுவரில் சின்ன இரும்புப் பெட்டி ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். எண்ணை அமுக்கினால் திறக்கும், உள்ளே சாவி இருக்கும். கீ சேஃப் என்று பெயர். நானே கதவைத் திறந்து, "ஹலோ, இட்ஸ் ஒன்லி மீ" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு, படுத்திருக்கிற கிழவரின் கட்டில் வரைக்கும் போகலாம். தோவாளையில் எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "வீட்டுல ஆளு உண்டுமா" என்று கேட்டு, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவோம். இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சின்ன ஊருக்கு வந்து நான்கு வருடமாகிறது. இன்னமும் சாவியைத் திருப்பும்போது திருடப் போகிறவன் மாதிரி கை கூசுகிறது. உள்ளே போனதும் போனில் வந்துவிட்டேன் என்று அமுக்க வேண்டும். குளிப்பாட்டி, துணி மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டு, கிளம்புகிறேன் என்று திரும்ப அமுக்க வேண்டும். அதற்கு மேல் நின்று பேசினால் அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

கேரர் என்கிற இந்தப் பராமரிப்பு வேலைக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. பி.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் இளங்கலை. நாகர்கோவிலில் மூன்று வருடம் படித்தேன். சேர்ந்த அன்றைக்கே என் அத்தான், அக்காவின் கணவர், தோவாளை பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர், கடை முன்னால் நாலு பேர் கேட்கச் சொன்னார்: "சேவை செய்யதுக்கு எதுக்குலே காலேஜு? ரோட்டுல எறங்கி செய்யி, ஆரு வேண்டாங்கா?" படித்து முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் முதல் சம்பளம் வாங்கியபோது, அதே கடையில் பூ மூட்டை தூக்குகிறவர் என்னைவிட அதிகம் வாங்கினார். அத்தான் அதையும் விடவில்லை. "மக்கா, பிச்சி சாயங்காலந்தான் வாடும். ஒனக்க படிப்பு வெடியக்காலயிலயே வாடிட்டே." எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் போகவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் அக்காவின் மகள் அனிஷா. பிளஸ் டூ முடித்துவிட்டாள். படிப்புச் செலவு என்னுடையது என்று அவள் பிறந்தபோதே சொல்லியிருந்தேன். அக்கா போனில் சொன்னாள்: "மாமா படிச்சதத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. நர்சிங்ல எடம் கெடச்சிருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள பைசா கெட்டணும். நாங்க சொன்னா கேக்க மாட்டா. நீ சொல்லுலே." எங்கள் மாவட்டத்தில் நர்சிங் படித்த பிள்ளை கல்ஃபுக்கோ லண்டனுக்கோ போய் வீட்டை நிமிர்த்திவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இங்கே என் ஷிஃப்ட் அட்டவணை போடுகிற பெண்கூட எங்கள் பக்கத்து நர்ஸ்தான். அனிஷாவிடம் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டேன். "முட்டத்துல பஸ்ஸ விட்டு எறங்குனதும் அந்தக் கடப்புறத்து அக்காமாரெல்லாம் சாரே சாரேன்னு ஓடி வந்தாங்களே மாமா. நான் சின்னப் பிள்ளையா கூட நின்னேன்லா," என்றாள்.

அவள் சொன்னது உண்மை. முட்டம் என்ற அந்த மீனவக் கிராமத்தில்தான் எனக்குக் களப்பணி, பிறகு அங்கேயே வேலை. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவி ஸ்டெல்லாக்கா. உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் இல்லை, அது இல்லாததால் எந்த உதவியும் இல்லை. அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினேன். யாரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த உத்தரவைக் காட்டினால் வாயை மூடுவார்கள் என்பதை எனக்குப் படிப்புதான் சொல்லித் தந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைசியில் பென்ஷன் வந்தது. அன்றைக்கு அந்த அக்கா கேட்டது இதுதான்: "சாரே, இதுக்கு ஒங்களுக்கு கவர்மெண்டு எம்புட்டு தருவாங்க?" ஒன்றும் தர மாட்டார்கள் என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஒரு பை நிறைய சாளை மீனைக் கையில் திணித்தார். வெளிநாட்டுப் பணம் நின்றதும் தொண்டு நிறுவனத்தைப் பூட்டினார்கள். அந்தக் காலத்தில் கூலிக்குப் போனவர்கள் மாதிரி நான் கப்பலேறவில்லை, கடன் வாங்கி விமானம் ஏறினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே சோஷியல் ஒர்க்கர் என்பவர் மதிப்பான ஆள். பதிவு செய்யாதவன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதே குற்றம். பதிவு செய்யலாம் என்று பார்த்தேன். களப்பணி செய்த நேரத்துக்குக் கல்லூரியிலிருந்து சான்று கேட்டார்கள். கல்லூரியில் சேர ஆளில்லாமல் அந்தத் துறையையே மூடியிருந்தார்கள். போன் எடுத்தவர், "அந்தக் கோர்ஸா, அது எப்பவே போச்சே," என்று வைத்துவிட்டார். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருந்த ரொனால்டு என்ற முதியவரின் வீட்டுக்கு ஒரு சோஷியல் ஒர்க்கர் வந்தாள், சின்னப் பெண். நான் படித்ததைத்தான் அவளும் படித்திருப்பாள். "கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா? இது தனிப்பட்ட விஷயம்," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போதுதான் அவருக்கு மலம் கழுவிவிட்டிருந்தேன். அதைவிடத் தனிப்பட்ட விஷயம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. சமையலறையில் போய் நின்றேன்.

அனிஷாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய அதே வாரம் ரொனால்டு இறந்துபோனார். அவருடைய மகள் லிண்டா அந்த வீட்டில் தனியாக இருந்து சாமான்களை ஒழுங்குபடுத்துகிறாள் என்று கேள்விப்பட்டேன். வேலை முடிந்து, யூனிஃபார்மைக் கழற்றி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். முதல்முறையாக அந்த வீட்டில் பெல்லை அடித்தேன். எங்கள் ஊரில் இதைத் துஷ்டி கேட்பது என்போம். செத்த வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறுதல் சொல்லக் கூடாது, சாயா கேட்கக் கூடாது, எழும்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவே கூடாது. சொன்னால், அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். நான் அப்படியே செய்தேன். லிண்டா டீ வேண்டுமா என்றாள், தலையாட்டி வேண்டாம் என்றேன். அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்ல வந்தீர்களா என்றாள், இல்லை என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பி நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டாள். லிண்டா புகார் செய்யவில்லையாம், பயந்துபோய்ப் போன் செய்தாளாம். "உங்கள் ஆள் வந்தார், பேசாமல் உட்கார்ந்தார், பை கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவருக்கு உடம்பு சரியில்லையா? ஏதாவது எதிர்பார்க்கிறாரா?" மேனேஜருக்கு விளக்கிச் சொன்னேன். எங்கள் வழக்கம் என்றேன். நான் சமூகப்பணியில் பட்டம் வாங்கியவன், துக்க வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவள் நல்லவள், கத்தவில்லை. "ஓ, லவ்லி," என்றாள். பிறகு, "ஆனால் இங்கே நீங்கள் சோஷியல் ஒர்க்கர் இல்லை, கேரர். டியூட்டி இல்லாத நேரத்தில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுக்க வேண்டியிருக்கிறது," என்றாள். என் விசா அந்தக் கம்பெனியின் கையில் இருக்கிறது. தேங்க் யூ சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து, அடுத்து வேலைக்குப் போக வேண்டிய வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அனிஷாவைக் கூப்பிட்டேன். ஊரில் மத்தியானம் தாண்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"நர்சிங்ல சேரு மக்கா. இந்தப் படிப்பு சோறு போடாது."

"மாமா, ஸ்டெல்லாக்கா நேத்தும் போன்ல கேட்டாங்க, சார் எப்ப வருவாருன்னு."

"கேக்கட்டும். அவங்க ஒனக்கு சம்பளம் தருவாங்களா?"

"சரி மாமா," என்றாள் அனிஷா. அந்தச் சரியில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. ஆபீசில் நான் சொன்ன தேங்க் யூ மாதிரி இருந்தது. நான் போனை வைத்தேன்.

கீ சேஃபில் எண்ணை அமுக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா கூப்பிட்டாள். "நல்லதுதாம்லே சொல்லியிருக்க. நீ அனுப்புன பைசாவ கெட்ட அத்தான் போயாச்சு. ஆனா ஒண்ணு கேக்கேன். எப்பவும் வாறேன் மக்கான்னு சொல்லிட்டுல்லா போன வைப்ப? இன்னைக்கு என்ன, துஷ்டி வீட்டுலேருந்து எறங்குன மாதிரி ஒண்ணும் சொல்லாம வச்சிருக்க? பிள்ள அப்பத்துலேருந்து போன கையில வச்சுட்டு இருக்கா."

மறந்துபோச்சு அக்கா என்றேன். இப்போதாவது அந்த 'வாறேன்' சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பெட்டி திறந்து சாவி கையில் விழுந்தது. உள்ளே கிழவி யாரது என்று கூப்பிட்டாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்கா இன்னும் லைனில் இருக்க, "ஹலோ, இட்ஸ் ஒன்லி மீ" என்று சத்தம் கொடுத்தபடி உள்ளே போனேன்.