சினைப் பன்றிக்கு மீன் தலை

எனக்கு மீன் வாங்கத் தெரியாது. மயிலாப்பூரில் பிறந்து, தயிர் சாதத்திலேயே வளர்ந்து, கால்நடை மருத்துவரானவள் நான். அப்படிப்பட்டவள் போன வருஷம் பட்டினப்பாக்கம் மீன் கடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். எல்லாம் ஒரு சினைப் பன்றிக்காக.

மந்தைவெளிக்குப் பின்னால், கால்வாயோரம் குடியிருக்கும் ஒரு அம்மாவின் பன்றி அது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாதமும் சாம்பாரும் பாயசமும்தான் அதற்குத் தீனி. அப்படியும் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. முந்தைய இரண்டு ஈற்றிலும் குட்டிகள் நோஞ்சானாகப் பிறந்து, ஒரே வாரத்தில் செத்துப்போயின. இந்த முறையும் செத்தால் பன்றியைக் கசாப்புக்கு ஓட்டிவிடுவேன் என்று அவள் தம்பி சொல்லியிருந்தான். அவளோ அதைப் பெண்ணைப் போல வளர்த்தவள்.

“வயித்துல புழு இருக்கும்மா,” என்றேன்.

“இன்னா டாக்டரம்மா! கல்யாண சாப்பாடு துன்ற பன்னிக்குப் புழுவா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாணத்தை டப்பாவில் எடுத்து வந்து வீட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். புழு முட்டைகள் மொய்த்தன.

“ஆத்துக்குள்ள பன்னிச் சாணியாடி?” என்று குதித்தார் என் கணவர்.

“டப்பாலதானே இருக்கு, உங்க தட்டுலயா இருக்கு?” என்றேன். மனிதர் இரண்டு நாள் தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார்.

ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பு பாயசத்தில் மருந்தைக் கலந்து கொடுத்தோம். மண்டபச் சோற்றில் வயிறு நிரம்பும், சத்து சேராது. அதனால் மீன் தலைகளை வேகவைத்துப் போடச் சொன்னேன். அவள் நம்பவில்லை. முதல் நாள் நானே வாங்கப் போனேன்.

“கொயம்புக்கா மாமி?” என்றாள் மீன்காரி.

“பன்னிக்கு.”

சிரித்துச் சிரித்து, கூடவே நாலு தலையைச் சும்மா போட்டாள்.

மடியில் ஒட்டிய புழு முட்டைகள் பாலோடு குட்டிகளின் வயிற்றுக்குள் போய்விடும். ஆகவே ஈனும் முன்பு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கழுவிய கொட்டிலில் விடச் சொன்னேன். அவள் மஞ்சளும் பூசிவிட்டாள். வளைகாப்பு ஒன்றுதான் பாக்கி.

பன்றி ஈன்ற எட்டாம் நாள் காலை போய்ப் பார்த்தேன். ஒன்பது குட்டிகளும் முட்டி மோதிப் பால் குடித்தன. அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! அப்போதுதான் தம்பி கயிற்றோடு வந்தான். குட்டிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

“இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? அந்தக் கயித்தால மேல சாக்கக் கட்டு. புள்ளைங்க மேல வெயில் அடிக்குது,” என்றாள் அக்கா.

அவன் கட்டினான். சாக்கின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.