ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பள்ளம்

வாய்மொழித் தேர்வு பதினொரு மணிக்கு. அதன் மினிட்ஸை, அதாவது நடவடிக்கைக் குறிப்பை, நான் முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்துவிட்டேன். பார்வையாளர்கள் கேட்கப்போகும் கேள்விகளும் மாணவி சொல்லப்போகும் திருப்திகரமான பதில்களும் உட்பட. விழுப்புரத்தில் நான் இயற்பியல் பேராசிரியராக இருந்தவரை முனைவர்கள் இப்படித்தான் உருவானார்கள். இவள் என் கடைசி ஆய்வு மாணவி. அந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு.

ஒலக்கூர்ப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகும் கூலிக் குடும்பம் அவளுடையது. வாரநாளில் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, சனி ஞாயிறுகளில் ரயிலேறி வந்து ஆறு வருடம் கணக்குப் போட்டாள். வியாழன் கோளின் உள்ளே ஹைட்ரஜனும் ஹீலியமும் அணுக்கள் உடையும் அளவுக்கு நசுங்கி, மின்துகள்களின் குழம்பாகக் கலந்து கிடக்கின்றன. அந்தக் கலவையை இன்னும் நசுக்கினால் அழுத்தமும் வெப்பமும் எப்படி மாறும் என்பதுதான் ஆய்வு.

ஐந்தாம் அத்தியாயத்தின் வரைபடத்தில், ஏறிக்கொண்டே போன அழுத்தம் ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறியது. வெளியூர்த் தேர்வாளர் அதைத்தான் பாராட்டினார்.

"இந்தப் பள்ளத்துல ஹீலியம் தனியா பிரியிறத அழகா காட்டியிருக்கீங்க."

"இல்லீங்க சார். அது பிரியல. மைனஸ் போட வேண்டிய எடத்துல பிளஸ் போட்டுட்டேன். முந்தாநேத்துதான் கண்டுபுடிச்சேன். சரி பண்ணா பள்ளமே இல்ல."

"நானே பாஸ்னு சொல்றேன், நீ ஏம்மா பேஜாரு பண்ற?" என்றார் தேர்வாளர்.

பின்வரிசையிலிருந்து அவள் அப்பா எழுந்துவிட்டார். "என்னாங்க சார், புள்ளைய ஃபெயில் பண்ணிட்டீங்களா?"

"பாஸுதாங்க, உக்காருங்க," என்றேன்.

அவள் என்னிடம் வந்தாள். "தப்பு என் பேர்ல நிக்கும் சார். திருத்த விடுங்க."

"விதியில இடமில்லம்மா."

நான் நீட்டிய மினிட்ஸில் கையெழுத்துப் போட்டாள்.

இடம் இருந்தது. ஆய்வேடு நூலகத்துக்குப் போகுமுன் பிழைதிருத்தத் தாள் ஒன்றை இணைக்கலாம்; தேர்வாளரும் நானும் கையெழுத்திட்டால் போதும். விதி எண்கூட எனக்கு மனப்பாடம். ஆனால் அவள் அந்த அத்தியாயம் முழுவதற்கும் கணக்கை மறுபடி ஓட்டி முடிக்கும்வரை, நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கோப்பு மூடாமல் கிடக்கும்.

போன மாதம் போனில் கூப்பிட்டாள்.

"எவரோ அந்தப் பள்ளத்த எடுத்துக்காட்டி கட்டுரை எழுதிக்கிறாரு சார். லைப்ரரில கேட்டேன். அப்பவே ஒரு தாள் சேத்திருக்கலாமாம், இப்ப முடியாதாம். உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாதும்மா," என்றேன். ஆறு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் என் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

"சரிங்க சார்," என்றாள். நம்பவில்லை என்பது அந்தச் 'சரி'யிலேயே இருந்தது.