பலகை போடாத வாய்க்கால்

பராசக்திக்குத் தண்ணீர் என்றால் பைத்தியம் என்று உடுவில் ஊர் முழுக்கச் சொல்லும். சும்மா சொல்லவில்லை. மழை இறங்கினால் மற்றப் பெண்கள் கொடியில் கிடக்கும் சீலையை எடுக்க ஓடுவார்கள். இவள் குடையோடு தெருவுக்கு ஓடுவாள், வெள்ளம் எந்த ஒழுங்கையால் திரும்புகிறது என்று பார்க்க. கலியாணம் பேசி வந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டே நழுவினார்கள் என்றும் ஒரு கதை. நழுவினவர்கள் நழுவட்டும். அவள் அதற்காக ஒரு நாளும் முகம் வாடினதில்லை.

நீர்ப்பாசனக் கந்தோரில் அவளுக்குப் படம் வரையும் வேலை. எண்பத்து மூன்று கலவரத்தோடு வெளிநாடு போன ஒரு எஞ்சினியர் பாதியில் விட்ட கணக்கு அவள் மேசைக்கு வந்தது. வழுக்கையாறு ஓடும் நிலம் முழுவதையும் படத்தில் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் எவ்வளவு மழை விழும், நிலம் எவ்வளவு குடிக்கும், மிச்சம் பக்கத்தில் எந்தக் கட்டத்துக்கு வழியும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டால், தெல்லிப்பழைக்கு அப்பால் விழும் மழையை அராலிக் கடல் வரைக்கும் கடதாசியிலேயே ஓடவிடலாம். அடுத்தடுத்த மாரிகளில் சைக்கிளில் போய் அளந்து பார்த்தாள். கணக்கு சொன்ன வழியில்தான் வெள்ளமும் போனது. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியுமா! "என்ரை கடதாசி பொய் சொல்லாது" என்று கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூள, தெல்லிப்பழைக்கு அப்பால் இருந்த சனம் உடுத்த உடுப்போடு ஓடி வந்து பள்ளிக்கூடங்களில் ஒதுங்கியது. இரண்டு வருடம் போக, பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கேட்டார்கள். அகதிகளைக் கவனித்த நாகலிங்கம் மாஸ்டர், கொட்டில் போட நல்ல இடம் சொல் என்று பராசக்தியிடம் வந்தார். சண்டிலிப்பாய்ப் பக்கம் மாடு மேய்கிற தரவை ஒன்றை அவள் காட்டினாள்.

"இஞ்சை வெள்ளம் ஏறுமே, பிள்ளை?" என்று கேட்டார் முருகேசு. தெல்லிப்பழைக்கு அப்பால் ஒரு குளத்தடியில் தோட்டம் செய்துவிட்டு, எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு, மனைவி சிவக்கொழுந்தோடு வந்தவர்.

"ஒரு சொட்டும் ஏறாது, அண்ணை. நான் அளந்து பாத்த இடம். பயப்பிடாமல் கொட்டிலைப் போடுங்கோ."

கார்த்திகை மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. ஒரு காலை தகவல் கேட்டு அவள் விழுந்தடித்துப் போனபோது, தரவையில் முழங்கால் அளவு தண்ணீர். பானை சட்டி மிதந்தது. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு சனம் நின்றது. ஒருவரும் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

வெள்ளம் ஆற்றுப் பக்கத்தால் வரவில்லை. வடக்கே இருந்து, அவள் படத்தில் வறண்டது என்று குறித்து விட்ட ஒரு பள்ளத்தால் வந்துகொண்டிருந்தது.

"உதாலை எப்பிடித் தண்ணி வரும்? உது செத்த வாய்க்கால் எல்லோ!" என்று கத்தினாள்.

முருகேசு தலையில் கை வைத்தார். "ஐயோ, உது எங்கடை குளத்து வாய்க்காலே? தை அறுவடை முடிய, வாய்க்கால் வாயிலை கிடக்கிற பலகையைக் கழட்டித் தோட்டத்துக்குத் தண்ணி விடுவம். மாரி வெள்ளம் உதாலை வராமல் ஐப்பசிக்கு முன்னம் திருப்பிப் போட்டிடுவம். நாங்கள் ஓடி வந்தது ஆனியிலை, பிள்ளை. பலகை போடேல்லை."

பராசக்திக்கு அப்போதுதான் பிடிபட்டது. சண்டைக்கு முந்தி அவள் அளந்த மாரிகளில் எல்லாம் பலகை கிடந்திருக்கிறது. நிலத்தின் சரிவு என்று அவள் எழுதிவைத்தது இந்த மனிதர்களின் கை வேலை. அந்தக் கைகளையே கொண்டுவந்து அதே வாய்க்காலின் வாலில் குடியேற்றியிருக்கிறாள்.

"இப்ப பலகை போட்டால் உது வத்துமே?" என்று கேட்டார் முருகேசு.

அந்த இடத்தில் அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பாழாய்ப்போன கணக்குப் புத்தி முந்திக்கொண்டது. "பின்னேரத்துக்குள்ளை இறங்கத் தொடங்கும், அண்ணை."

"அப்ப நான் போட்டிட்டு வாறன். பலகை பக்கத்து வைரவர் கோயில் சுவரிலை சாத்திக் கிடக்கு. ஒரு ஆள் போதும்."

"விசரே உங்களுக்கு! அங்கை முழுக்க ஆமி, மிதிவெடி."

"எனக்குத் தெரியாத வரம்பே? கொழுந்து காய்ச்சலிலை கிடக்கிறாள். கேட்டால் மருந்து வாங்கப் போயிட்டாரெண்டு சொல்லும்."

அவள் அவருடைய சைக்கிள் கரியரைப் பிடித்து இழுத்தாள். அவர் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் வரை வெள்ளம் ஏறியது. வேலிக் கதியால் கம்பு ஒன்றில் கண் வைத்தபடி அவள் நனைந்துகொண்டு நின்றாள். பொழுது சாய்வதற்கு முன், அந்தக் கதியாலில் தண்ணீருக்கு மேலே ஒரு சேற்றுக்கோடு தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். "நீர் சொன்னபடி இறங்குது பிள்ளை!" என்று நாகலிங்கம் மாஸ்டர் சந்தோசத்தில் சத்தம் வைத்தார். அவள் வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பலகை வாய்க்கால் வாயில் இறங்கிவிட்டது. போட்டவரைக் காணவில்லை. வடக்கே ஒரு வெடிச் சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். அந்த நாட்களில் சத்தம் கேட்காத நாள் எது?

முருகேசு அன்றைக்கும் வரவில்லை, அடுத்த மாரிக்கும் வரவில்லை. தரவையில் பிறகு வெள்ளம் ஏறவேயில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பராசக்தி எல்லாரையும் போகச் சொல்லிவிட்டுத் தரவைக்கு வந்தாள். கொட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. சிவக்கொழுந்து மட்டும் வாசலில் இருந்தாள்.

"அக்கா, எழும்புங்கோ. செல் கிட்ட விழுது."

"நான் இடம் மாறினால் அவர் எங்கையெண்டு தேடுவார்?"

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

சிவக்கொழுந்து அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. "தங்கச்சி, வெள்ளம் பின்னேரம் இறங்குமெண்டு நீர் சரியாச் சொன்னனீராம். அவர் எப்ப வருவாரெண்டும் ஒருக்காக் கணக்குப் பாத்துச் சொல்லும். பிறகு நான் எழும்பி வாறன்."

பராசக்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் சேற்றிலேயே குந்திவிட்டாள்.