இருட்டு வேண்டாம் என்ற இயக்குநர்

பஹ்ரைனில், மனாமா நகரத்தில் நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அரங்கத்தில் கல்யாணமும் நடக்கும், கம்பெனி மீட்டிங்கும் நடக்கும். எப்போதாவது நாடகம் நடந்தால் மேடை விளக்குகள் என் பொறுப்பு. அந்தப் பிரெஞ்சுக்காரர் எனக்கு அறிமுகமானது அப்படி ஒரு நாடகத்தில்தான்.

வயது எழுபதைத் தாண்டியிருந்தது. மனைவி இறந்த பிறகு, இங்கே பள்ளி ஆசிரியையாக இருக்கும் மகளோடு வந்து தங்கியிருந்தார். அவர் ஊரில் பெயர் பெற்ற நாடக ஆசிரியர் என்று மகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இங்குள்ள பிரெஞ்சுக்காரர்கள் சிலர் வற்புறுத்திக் கேட்டதால் ஒரு நாடகம் போட ஒத்துக்கொண்டிருந்தார். நடிக்க வந்தவர்களில் ஒரு நர்ஸ், ஒரு பேங்க் மேனேஜர், இரண்டு ஆசிரியைகள். யாரும் அதற்கு முன் மேடை ஏறியதில்லை.

வெள்ளிக்கிழமை மதியங்களில் ஒத்திகை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கும் எனக்கும் இருந்தது உடைந்த ஆங்கிலம். வாட்ச்மேன் என்னை 'பாய்' என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் நாளே ஒன்று சொன்னார். "பாய், காட்சி மாறும்போது மேடை இருட்டாகக் கூடாது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவது பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும். ஒரு லைட்டாவது எரியணும்."

எனக்கு அது வினோதமாகப் பட்டது. வழக்கமாக எல்லாரும் இருட்டைத்தான் கேட்பார்கள். சரி என்று தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம் கை பழக்கதோஷத்தில் காட்சி முடிந்ததும் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டேன். இருட்டில் அவர் குரல் கேட்டது. வார்த்தையாக இல்லை, வெறும் சத்தம். பதறிப்போய் விளக்கைப் போட்டேன். மனிதர் மேடையில் முட்டி போட்டு, இரண்டு கையையும் நீட்டி, அந்த நர்ஸ் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அசையாமல் நின்றாள். அவர் எழுந்து, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, அன்றைய ஒத்திகையை முடித்துவிட்டார்.

எல்லாரும் போன பிறகு மன்னிப்புக் கேட்க நான் போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையைக் காட்டினார். பிறகு அவராகவே பேசினார்.

அவருடைய அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. இவர் பத்தொன்பது வயதில் ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவில் வேன் டிரைவராகச் சேர்ந்திருக்கிறார். ஓட்டாத நேரத்தில், விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் எழுதியதுதான் முதல் நாடகம். பிறகு ஒரு பழைய நெசவாலையை வாடகைக்கு எடுத்து, ஆறு பேரோடு சொந்தமாக அரங்கு தொடங்கினார். அங்கே முப்பது வருடம். எழுதியதும் இயக்கியதும் இருபதுக்கு மேல். முக்கியமான வேஷமெல்லாம் ஒரே நடிகருக்குத்தான். கூடவே வேனில் வந்த சிநேகிதர்.

"ஒரு நாடகத்தில் கடைசி இருட்டு ஐந்து எண்ணும் நேரம். எனக்கு அது போதவில்லை. பத்து எண்ணும்வரை இருக்கட்டும் என்றேன். மேடையில் கீழே இறங்குகிற ஒரு திறப்பு இருந்தது. அன்றைக்கு அதை மூடவில்லை. ஏழு எண்ணும்போது சத்தம் கேட்டது."

நண்பருக்கு முதுகெலும்பு போயிற்று. உயிர் தப்பியது, கால்கள் திரும்பவில்லை. இவர் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனார். பிறகு போகவே இல்லை. அரங்கை மூடினார். பதினோரு வருடமாக எதுவும் எழுதவில்லை.

"எத்தனையோ பேருக்கு வசனம் எழுதினேன், பாய். அவனிடம் போய்ச் சொல்ல ஒன்றும் வரவில்லை."

நான் யாரிடமும் சொல்லாததை அன்று அவரிடம் சொன்னேன். இந்த வேலைக்கு வருமுன் நான் ஒரு கட்டட சைட்டில் இருந்தேன். ரூமில் என் பக்கத்துக் கட்டில்காரர் முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் தொண்டியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். சாரம் சரிந்து விழுந்தபோது ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்திருந்தது நான்தான். அவர் பிழைக்கவில்லை. மூன்று தடவை லீவில் போனேன். மூன்று தடவையும் அவர் வீட்டுக்குப் போகாமலே திரும்பினேன்.

வாட்ச்மேன் கதவைப் பூட்ட வந்ததும் இரண்டு பேரும் எழுந்து போனோம்.

நாடகம் இரண்டு நாள் நடந்தது. கூட்டம் சுமார்தான். அடுத்த மாதம் எனக்கு லீவு. இந்தத் தடவை ஊருக்குப் போன மூன்றாம் நாளே முதுகுளத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

இறந்தவரின் மனைவி ஒரு தையல் கடையில் இருந்தாள். நான் யாரென்று சொன்னதும் மெஷினை நிறுத்தினாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

"கூட இருந்தது நீங்கதானாண்ணே?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஏதாச்சும் சொன்னாரா?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நல்ல வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. "தண்ணி கேட்டாரும்மா. குடுக்கக் கூடாதுன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. நான் குடுக்கல."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக எடுத்து வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கண்ணே." அதைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

திரும்பி வந்ததும் அந்தப் பெரியவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். தண்ணீர் கேட்டதைச் சொல்லும் இடத்தில் மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார்.

இரண்டு வாரத்தில் பிரான்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். மிச்சமெல்லாம் மகள் சொல்லித் தெரிந்தது. முதல் நாள் அந்த நண்பர் கதவைத் திறக்கவில்லையாம். இரண்டாம் நாளும் இல்லை. எதிரே இருந்த கடையில் பெரியவர் காபி குடித்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறார். மூன்றாம் நாள் மதியம் ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது: "மழை வரப்போகிறது, முட்டாளே. மேலே வா."

என்ன பேசினார்கள் என்று மகளுக்கும் தெரியாது. சண்டை போட்டார்கள் என்பது மட்டும் தெரியும். பத்து நாள் என்று போனவர், அதே தெருவில் அறை எடுத்துத் தங்கிவிட்டார். வாரத்தில் நாலு நாள் சீட்டு விளையாடுகிறார்களாம். புதிதாக எழுதுகிறாரா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

போன மாதம் அவருடைய சாமான்களை அனுப்பக் கட்டித் தரச் சொல்லி மகள் கூப்பிட்டாள். துணிமணி ஒரு பெட்டிகூட நிறையவில்லை. மற்ற நான்கு பெட்டியிலும் அவர் எழுதிய காகிதம். குதைபியா கடைத்தெருவில் கெட்டி டேப் வாங்கி வந்து, ஓரமெல்லாம் இரண்டு சுற்று ஒட்டினேன். விலாசத்தை அவள் எழுதினாள். கார்கோ வேன் வந்ததும் பெட்டிகளை நானே கீழே இறக்கி ஏற்றிவிட்டு, டூட்டிக்குப் போனேன்.