வைக்கத் தெரியாத கை

ரப்பர் முனையில் ஒட்டிக்கொண்டு அந்தச் சில்லு மறுபடியும் மேலே வந்ததை நான் மதினியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூட அதிகம். கடுகில் கால்வாசி இல்லாத ஒன்றை வெறுங்கண்ணால் எங்கே பார்ப்பது? முனையில் ஒரு மினுக்கம் தெரிந்தது, அவ்வளவுதான். தகட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய சில்லு அது. அது திரும்பி வந்ததற்குக் காரணம் நான். இதை எழுதத் தொடங்கியதே அந்த ஒரு வாக்கியத்தை எங்கேயாவது இறக்கி வைக்கத்தான்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பசறைப் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மருமகளாக வந்தவர். அண்ணன் கடை வேலைக்கென்று கொழும்புக்குப் போனான். முதல் தீபாவளிக்கு வந்தான், அடுத்ததற்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. மதினி மகளை வைத்துக்கொண்டு மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் நான் உயர்தரம் வரை படித்துவிட்டேனாம், அதற்காக ‘நீங்க’ என்றுதான் பேசுவார். நாத்தனாருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்று கேலி செய்தாலும் மாறமாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. பதுளைக்கு வெளியே ஒரு பழைய கட்டடத்தில் சின்னக் கூடம் ஒன்று திறந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நுண்ணிய மின்சில்லுகளை எடுத்து, தகடுகளில் அதனதன் இடத்தில் பதித்து மாதிரி செய்து அனுப்புகிற வேலை. நான் அங்கே சரிபார்ப்பவளாகச் சேர்ந்தேன். பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மதினியைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அந்த நாட்களில் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சிக்காரர் ஒருவர் வாரம் தவறாமல் லயத்துக்கு வந்துகொண்டிருந்தார். மதினி முடிவாகச் சொல்லியிருந்தார்: கூடத்தில் வேலை நிரந்தரமானால் மகளோடு இருப்பேன், ஆகாவிட்டால் பாஸ்போர்ட் எடுப்பேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

வேலை செய்யும் கருவி ஒரு குச்சி. நுனியில் கண்ணாடி போலத் தெளிந்த மெத்தென்ற ரப்பர். அதில் பசை ஒன்றும் கிடையாது. சில்லின் மேல் அழுத்திச் சட்டென்று தூக்கினால் சில்லு ரப்பரோடு வந்துவிடும். பிறகு தகட்டில் வைத்து, மெள்ள, மிக மெள்ளத் தூக்கினால் ரப்பர் மட்டும் விலகி வரும், சில்லு தகட்டிலேயே தங்கிவிடும். வேகமாக இழுத்தால் பிடிக்கும், மெதுவாக இழுத்தால் விடும். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரே ரப்பருக்கு இரண்டு குணம் என்று சொன்னபோது நாங்கள் மாயாஜாலம் பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

எடுப்பதில் மதினியை மிஞ்ச அங்கே ஆளில்லை. பதினைந்து வயதிலிருந்து கொழுந்து கிள்ளிய விரல்கள். வைப்பதில்தான் வந்தது வினை. கொழுந்து பறிக்கிற கை எதையும் மெதுவாக வைத்துப் பழகியதில்லை. கிள்ளும், முதுகுக்குப் பின்னால் கூடையில் வீசும், அடுத்த செடிக்குப் போகும். தகட்டில் வைத்த சூட்டோடு கை தன்பாட்டில் துள்ளி எழும், சில்லும் கூடவே வந்துவிடும். முதல் வாரம் அழுதே விட்டார். அப்புறம் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். சில்லை வைத்ததும் மகளின் பெயரை வாய்க்குள் நீட்டிச் சொல்லத் தொடங்குவார். பெயர் முடியும்போதுதான் ரப்பர் முழுதாக விலகியிருக்கும். உதடு அசைவதைப் பார்த்து, பயிற்சிக்கு வந்த மற்றப் பிள்ளைகள் மதினி மந்திரம் போடுகிறார் என்று சிரித்தார்கள். ஒரு மாதத்தில் அவர் வைத்த சில்லில் நான் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் பரீட்சை. ஆளுக்கு முப்பது சில்லு, அரை மணி நேரம். எல்லாரும் நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். இருபது நிமிஷமானபோது மதினியின் தகட்டில் பதினெட்டுதான் ஏறியிருந்தது. பக்கத்து மேசைப் பிள்ளை இருபத்தைந்தைத் தாண்டிவிட்டாள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ‘அரைப்பேர்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குறித்த கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால்தான் முழுநாள் பேர் விழும்; குறைந்தால் அரைப்பேர்தான். எவ்வளவு பக்குவமாகக் கிள்ளினாய் என்று எவன் கேட்டான்? என் அம்மா அரைப்பேர் விழுந்த நாட்களில் வீட்டுக்குள் பேச்சில்லாமல் இருப்பார். அந்தப் பயம் எனக்குள் ஊறிக் கிடந்தது. படித்த புத்தியெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ. முப்பது என்றால் முப்பது, குறைந்தால் தொலைந்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மதினியின் முதுகுப்பக்கம் குனிந்து, “வெரசா, வெரசா” என்றேன்.

உதடு அசைவது நின்றது. கை மறுபடியும் கொழுந்து மலைக்கே போய்விட்டது. முன்பு நான் சொன்ன சில்லு அப்போதுதான் மேலே வந்தது. அதைத் திரும்ப வைத்தார், மறுபடியும் வந்தது. அடுத்தது சாய்ந்து உட்கார்ந்தது. அதற்கடுத்தது பக்கத்திலிருந்ததையும் இடித்துத் தள்ளியது. மணி அடித்தபோது முப்பதும் தகட்டில் இருந்தன. அவற்றில் ஒன்பது கோணல்.

தகட்டைப் பார்த்து முடித்த மேலாளர் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். முடிக்காமல் விட்டால் தோஷமில்லையாம். கோணலாக வைத்ததைத்தான் கழிப்பார்களாம். முதல் பதினெட்டோடு எழுந்து வந்திருந்தாலும் எடுத்திருப்போம் என்றார். அந்த விதி என் கையிலிருந்த தாளில் இரண்டாம் வரியில் அச்சாகியிருந்தது. நான் முதல் வரியோடு நிறுத்தியிருந்தேன்.

மதினி யாரையும் குறை சொல்லவில்லை. கைப்பழக்கம் போகவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். “வெரசா” என்றது நான்தான் என்பது வாய் வரை வந்தது, சொல்லவில்லை. நுண்ணோக்கியில் குனிந்திருந்தவருக்குப் பின்னால் நின்றது யாரென்று தெரிந்திருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம். இரண்டு மாதத்தில் அவர் அரபு நாட்டுக்குப் புறப்பட்டார். மகள் பாலர் பாடசாலைக்குப் போயிருந்த காலை நேரமாகப் பார்த்து, துணிப்பையோடு பஸ் ஏறினார். மத்தியானம் வந்த பிள்ளை லயத்தின் ஒவ்வொரு காம்பிராவாக, அறை அறையாகப் போய்த் தேடினாள். அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரியது, காய்ச்சலுக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, பாடசாலையில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான். எப்போது அத்தை என்பதை விட்டு அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள் என்று எனக்கு நினைவில்லை. நான் திருத்தவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டு வருஷம் என்று போனவர் ஆறு வருஷம் கழித்து வந்தார். பதுளை பஸ் நிலையத்தில் மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டு, “அம்மா, இவங்கதானா?” என்று கேட்டாள். மதினிக்கு அது காதில் விழுந்தது. அதன் பிறகு பிள்ளையிடம் என்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “ஒங்கம்மாகிட்ட கேளு”, “ஒங்கம்மா திட்டுவாங்க” என்றே சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் சொன்னார்.

அவர் வந்து ஒரு மாதமிருக்கும். முற்றத்தில் இருவரும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். இனியும் தாங்காது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வெரசா என்றது நான்தான், அந்தத் தாளை முழுதாக வாசிக்காதவளும் நான்தான் என்றேன்.

மதினி நிமிரவில்லை.

“தெரியும். ஒங்க கொரல் எனக்குத் தெரியாதா? கங்காணி கத்தியிருந்தாக்கூட என் கை ஓடியிருக்காது. நீங்க படிச்சவங்க, சொன்னா காரணமிருக்கும்னுதான் ஓடுச்சு.”

காம்பிராவுக்குள்ளிருந்து பிள்ளை “அம்மா” என்று கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. மதினி அரிசியிலிருந்து கையை எடுத்துவிட்டு வாசலைப் பார்த்தார். பிள்ளை இரண்டாம் தரமும் கூப்பிட்டாள்.

“ஒங்களத்தான்,” என்றார் மதினி. “போங்க.”